கொழும்பில் இறக்க வேண்டாம்

தஸ்னீமின் பெட்டியில் கடைசியில் தஸ்னீமுக்குச் சொந்தமாக மிஞ்சியவை இரண்டு சுடிதாரும் ஒரு சீப்பும்தான். மீதி எல்லாம் தெருவுக்குச் சொந்தம். தொண்டியில் அவர்கள் தெருவிலிருந்து யார் வளைகுடாவுக்குக் கிளம்பினாலும் ஆளுக்கொரு பார்சலோடு வாசலில் வந்து நிற்பார்கள். கிளம்புகிறவர் முடியாது என்று சொன்னதாக இதுவரை வரலாறு இல்லை. எதிர்வீட்டு லாமியா தன் புருஷனுக்கு நெத்திலிக் கருவாடு கொண்டுவந்தாள். அப்புறம் இடித்த மசாலா வந்தது, மாவடு வந்தது, மூலத்துக்கு நாட்டு மருந்து வந்தது. அந்த மருந்து யாருக்கு என்று கேட்கக் கூடாது. கேட்கவும் வேண்டாம், தெருவுக்கே தெரியும்.

மாமியார் ஜுனைதா பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து பார்த்தார். அது மூடவில்லை. திறந்து, மருமகளின் கல்யாணப் பட்டுச்சேலையை உருவி வெளியே போட்டார்.

"தோஹாவுல இத எங்கன கட்டப் போறே? அங்கன வெளிய போனா எல்லாம் கறுப்பு அபாயாதான்."

பட்டு இருந்த இடத்தில் தவ்ஃபீக்குக்காகக் காயவைத்த சங்கராக் கருவாடு சுகமாகப் படுத்துக்கொண்டது. தஸ்னீமுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் பயணமே நின்றாலும் நிற்கும் என்று விழுங்கிக்கொண்டாள்.

நிக்காஹ் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகாமல் தோஹாவுக்குப் போனவன் அவள் புருஷன் தவ்ஃபீக். இரண்டு வருடமாகக் குடித்தனம் முழுக்கப் போனில்தான். படாத பாடு பட்டு அவளுக்கு விசா வாங்கியிருந்தான். விசா வந்தும் மாமியார் அனுப்பினால்தானே? முதலில் நோன்பு முடியட்டும் என்றார். பிறகு மழை விடட்டும், கருவாடு காயட்டும் என்றார். கருவாடு நன்றாகவே காய்ந்தது. அதற்குள் விசா கடைசி நாளுக்கு வந்துவிட்டது. இன்றைக்குள் தோஹாவில் கால் வைக்காவிட்டால் அது செல்லாது. தவ்ஃபீக்கின் கம்பெனியிலோ ஆள் குறைக்கிறார்கள். இன்னொரு விசா கிடைக்கும் என்று அவனாலேயே சத்தியம் செய்ய முடியவில்லை.

டிக்கெட் போட்டவர் மாமியாரின் தம்பி நெய்னா முகம்மது. தொண்டியிலிருந்து பஸ்ஸில் நண்டும் இறாலும் ஏற்றி அனுப்புவது அவர் தொழில். விமானத்தைப் பற்றிப் பேசுவது பொழுதுபோக்கு. மதுரையிலிருந்து கொழும்புக்கு ஒரு கம்பெனியிலும், கொழும்பிலிருந்து தோஹாவுக்கு வேறொரு கம்பெனியிலுமாகத் தனித்தனியே டிக்கெட் எடுத்து, மலிவாக முடித்துவிட்டதாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

"கொழும்புல பெட்டி தானா மாறிருமா மாமா?" என்று கேட்டாள் தஸ்னீம்.

"போ புள்ளே. இங்கன நான் ஏத்துற நண்டுப் பொட்டி மதுரையில வேற பஸ்ஸு மாறி, கண்டக்டரு கை மாறி, திண்டுக்கல்லுல போயி அலுங்காம இறங்குது. பஸ்காரனுக்கு இருக்குற அறிவு ஏரோப்ளேன்காரனுக்கு இருக்காதா?"

நண்டுப் பெட்டிக்கு என்ன செய்வாரோ அதையே இதற்கும் செய்தார். சிவப்புப் பெயிண்டை எடுத்து, பெட்டியின் மூடியில் கொட்டை எழுத்தில் எழுதினார்: 'தோஹா. கொழும்பில் இறக்க வேண்டாம்.' சந்தேகத்துக்கு இடம் வேண்டாமென்று இங்கிலீஷிலும் கீழே எழுதினார். இங்கிலீஷில் கொழும்பு கொஞ்சம் கோணலாக இருந்தது.

மதுரை விமான நிலையத்தில் கவுண்டரில் இருந்த பெண் அதைப் படித்துவிட்டு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"மேடம், ரெண்டும் தனி டிக்கெட். எங்க பொறுப்பு கொழும்பு வரைக்கும்தான். அங்க பெட்டிய எடுத்து அடுத்த கம்பெனியில போட்டுருங்க."

எடுத்துப் போட்டால் போயிற்று என்று தஸ்னீம் தலையாட்டினாள். எடுப்பதற்கு ஒரு நாட்டுக்குள்ளே நுழைய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. விமானம் பாம்பன் பாலத்தைத் தாண்டிக் கடலுக்கு மேலே போனது. ஜூஸ் கொடுத்தார்கள். குடித்து முடிப்பதற்குள் இலங்கை வந்துவிட்டது.

கொழும்பில் விமானம் மாறுகிறவர்களுக்கான மேசையில் தமிழ்ப் பெண் ஒருத்தி இருந்தாள். தஸ்னீமின் இரண்டு டிக்கெட்டையும் புரட்டிப் பார்த்தாள்.

"உங்கட பெட்டி தோஹா ஃப்ளைட்டுக்குத் தானா மாறாது, அக்கா. நீங்கள் வெளியால போய் எடுத்து, திரும்பச் செக்-இன் பண்ணோணும்."

"எடுத்துட்டு வாரேன். எந்தப் பக்கம் போகணும்?"

"அதுக்கு இலங்கை விசா வேணும்."

தஸ்னீமுக்கு அழுகைக்குப் பதிலாகச் சிரிப்பு வந்து தொலைத்தது. கடலில் எல்லை தாண்டி இலங்கையிடம் பிடிபட்ட மீனவர்களின் குடும்பங்கள் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். உயிர் மீனுக்காகத் தாண்டினாலும் குற்றம், செத்துக் காய்ந்த மீனுக்காகத் தாண்டினாலும் குற்றம் போலிருக்கிறது.

"இங்கேயே விசா எடுக்கலாம். ஆனா அந்த வரிசையைப் பாருங்கோ." தொப்பி போட்ட சுற்றுலாக் கூட்டம் ஒன்று சுவர் வரைக்கும் வளைந்து நின்றது. "அதில நிண்டு, பெட்டி எடுத்து, மேல வாறதுக்குள்ள தோஹா கவுண்டரை மூடிடுவினம்."

அங்கிருந்த வைஃபையைப் பிடித்துத் தஸ்னீம் வீட்டுக்கு வீடியோவில் கூப்பிட்டாள். திரை முழுக்க மாமியார் முகம். அதற்குப் பின்னால் பாதித் தெரு. விஷயத்தைக் கேட்டதும் மாமியார் அலறினார்.

"பெட்டிய விட்டுட்டு மட்டும் போயிராதே! தெருவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"மாமி, ஃப்ளைட்ட விட்டா விசா போயிரும்."

"விசா மறுபடியும் வாங்கலாம்டி. சங்கரா இனிமே இப்பிடிக் கெடைக்குமா?"

பின்னால் நின்ற பாதித் தெருவும் ஆமாம் என்று தலையாட்டியது. நெய்னா முகம்மது போனைப் பிடுங்கி, அந்த மேசைப் பெண்ணிடம் கொடுக்கச் சொன்னார். தஸ்னீம் போனை அவள் பக்கம் திருப்பினாள்.

"ஏம்மா, நான் பஸ்ஸுல போடுற நண்டுகூட மூணு ஊரு மாறிப் போகுது. உங்களுக்கு ஒரு பொட்டிய இந்த ப்ளேன்லேருந்து அந்த ப்ளேனுக்கு மாத்தத் தெரியாதா?"

"நண்டுக்கு விசா தேவையில்லை, ஐயா," என்றாள் அவள், முகத்தில் மாற்றமே இல்லாமல்.

மாமியார் அடுத்த அஸ்திரத்தை எடுத்தார். கொழும்பில் ஜவுளிக்கடை வைத்திருக்கும், சித்தப்பா முறையாகும் சாச்சா ஒருவருக்கு ஏற்கெனவே சொல்லி, அவர் விமான நிலைய வாசலுக்கே வந்துவிட்டாராம். தஸ்னீமுக்கு உயிர் வந்தது. சாச்சாவைக் கூப்பிட்டாள். பெட்டியைப் பயணிதான் எடுக்க முடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் வந்தது அதற்கு இல்லை.

"தவ்ஃபீக்குக்கு ரெண்டு கிலோ தேயிலை வச்சிருக்கேன் மகளே. வெளிய வந்து வாங்கிட்டுப் போயிரு."

தஸ்னீம் போனை அணைத்தாள். இத்தனை பேர் பேசினார்களே, ஒருத்தராவது நீ போய்ச் சேருவியா புள்ளே என்று கேட்டார்களா? கருவாட்டைப் பற்றிக் கேட்டதில் பத்தில் ஒரு பங்கு? லாமியாவை நினைத்தபோது மட்டும்தான் அவளுக்கு மனசு கேட்கவில்லை. அவ்வளவு நெத்திலியையும் ஒவ்வொன்றாகத் தலை கிள்ளி, காக்கையிடமிருந்து காத்து, காயவைத்தவள் அவள். மன்னிச்சிரு லாமியா என்று வாய்விட்டே சொன்னாள்.

"எனக்கு மட்டும் போர்டிங் பாஸ் குடுங்க," என்றாள் மேசைப் பெண்ணிடம்.

"பெட்டி?"

"அது இங்கனயே கிடக்கட்டும்."

தோஹாவில் இமிக்ரேஷன்காரர் முத்திரை குத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. வெளியே வந்தாள். தவ்ஃபீக் தள்ளுவண்டியோடு நின்றான். இளைத்திருந்தான், தாடி வைத்திருந்தான். அவனோடு தோஹாவில் வேலை பார்க்கும் தெருக்காரர்களும் வந்திருந்தார்கள், லாமியாவின் புருஷன் உட்பட. காலிப் பையை மடித்து அக்குளில் வைத்திருந்தார் அவர். எல்லோர் கண்களும் அவளைத் தாண்டி அவளுக்குப் பின்னால் போயின.

"பெட்டி எங்க?" என்றான் தவ்ஃபீக்.

இரண்டு வருடமாக அவன் முதலில் என்ன சொல்வான் என்று நூறு விதமாக நினைத்து வைத்திருந்தாள். அந்த நூறில் இது இல்லை.

"கொழும்புல இருக்கு. ரெண்டு பேருல ஒருத்தருதான் வர முடிஞ்சிச்சு மச்சான், நான் வந்துட்டேன். பெட்டிதான் வேணும்னா இப்பவே சொல்லிருங்க. நான் திரும்பிப் போறேன், அது வரட்டும்."

தெருக்காரர்கள் கூரையைப் பார்த்தார்கள். கடைசியில் லாமியாவின் புருஷன்தான் பேசினார்.

"நெத்திலி போனாப் போகுது தங்கச்சி. அவ எப்பிடி இருக்கா?"

"கார் கிளம்புற வரைக்கும் வாசல்ல நின்னா அண்ணே. அவளே பெட்டிக்குள்ள உக்காந்து வந்துருவா போல இருந்துச்சு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போது தவ்ஃபீக்கின் போன் அடித்தது. உம்மா. குளித்துக்கொண்டிருந்தாலும் நுரையோடு வந்து உம்மாவின் போனை எடுக்கிற பிள்ளை அவன். இப்போதும் எடுத்தான்.

"தஸ்னீம் வந்துட்டா உம்மா."

"பெட்டி என்னடா ஆச்சு?" நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது.

தவ்ஃபீக் அவளைப் பார்த்தான். அப்போதுதான் பார்த்தான். அவள் நெற்றி வியர்த்திருந்தது.

"தஸ்னீம் வந்துட்டா," என்று மறுபடியும் சொல்லிவிட்டுப் போனைத் துண்டித்தான். பிறந்ததிலிருந்து அவன் அதைச் செய்ததில்லை. தள்ளுவண்டியை ஓரமாக விட்டுவிட்டு, அத்தனை பேர் பார்க்க, அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகுதான் தஸ்னீம் அழுதாள்.