கைதடியும் கிளேற்றனும்

கேதீஸ்வரன் ஏணியின் நாலாம் படியில், உதட்டில் இரண்டு திருகாணிகளைக் கவ்விக்கொண்டு நின்றான். கீழே விக்னராஜா குளித்து, சென்ட் அடித்து, வெள்ளைச் சட்டையோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கையொப்பம் கேட்டு வருகிறவனின் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுவது அவருடைய கெட்டித்தனம். முதல்முறை வந்தபோது பின்வளவில் புல்லு வெட்டியாயிற்று. இரண்டாம் முறை கராஜ் கதவு. இன்றைக்குக் கேடயம்.

மரத்தில் செய்து பித்தளைச் சாயம் பூசிய, வெள்ளைக்காரக் குடும்பச் சின்னம் போட்ட கேடயம். நாக்கை நீட்டிக்கொண்டு இரண்டு சிங்கங்கள். அவற்றின் காலடியில் வளைந்த எழுத்தில் 'கிளேற்றன்'. எந்தப் பெயரைத் தட்டினாலும் அதற்கொரு சிங்கமோ கரடியோ போட்டு வீட்டுக்கு அனுப்ப இன்டர்நெட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். கேதீஸ்வரன் விரல் மொளியால் சுவரைத் தட்டிப் பார்த்தான். சாவகச்சேரிச் சந்தையில் பலாப்பழம் விற்ற வீட்டில் பிறந்தவன்; இங்கே பத்து வருடமாகப் பிளாஸ்டர் பலகை அடிக்கிறவன். தட்டினால் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிந்துவிடும். இங்கே உள்ளே ஒன்றும் இல்லை.

"விக்கி அண்ணை, இதுக்குப் பின்னால மரம் இல்லை. ஒரு அடி தள்ளிக் கொழுவுவம்."

"வாசலால வாற ஆளுக்கு நேர தெரியவேணும். அதிலயே அடி. பிறகு, முத்திரை குத்த வாற கிரஹாமுக்கு முன்னால 'விக்கி அண்ணை' எண்டு கூப்பிட்டுக் கெடுத்துப்போடாத. விக். விளங்கிச்சோ?"

வீடு விற்றுக் கொடுக்கும் தொழிலில் விக்னராஜா என்று போர்ட் வைத்தால் வெள்ளைக்காரன் போன் எடுக்கமாட்டான் என்று அவர் விக் கிளேற்றன் எனப் பெயர் மாற்றியதில் கேதீஸ்வரனுக்குக் கோபமில்லை. சரக்கை எந்தப் பெயர் சொல்லி நீட்டினால் ஆள் நிற்குமோ அந்தப் பெயரைச் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பெயர் வந்த வழியும் ஊருக்கே தெரியும். முப்பது வருடத்துக்கு முன் மெல்பேர்னுக்குப் படிக்க வந்தவர், கிளேற்றன் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு அறையில் நாலு பேரோடு படுத்தெழும்பினவர். ஸ்டேஷன் போர்டில் பார்த்துப் பொறுக்கிய பெயர். அதோடு விட்டிருக்கலாம். பிறகுதான் பூட்டன் வந்தார். ஹற்றன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் துரையாக இருந்த வெள்ளைக்காரப் பூட்டன், ஜோர்ஜ் கிளேற்றன். பூட்டனின் ஊரைத் தேடி விக்னராஜா இங்கிலாந்துக்கே போய்வந்தார். அங்கே அந்தப் பெயரில் அஞ்சாறு ஊர் இருக்கிறதாம். மழை இல்லாத நாளில் காருக்கு எது கிட்ட வந்ததோ அதுதான் பூட்டனின் ஊர். ஊர்ப்பலகையைக் கட்டிப்பிடித்து அவர் எடுத்த படம் ஹோலில் தொங்குகிறது. உண்மையான பூட்டன் கைதடியில் பனை ஏறித் தவறி விழுந்து செத்தவர். அந்த மனுசனின் பெயர் அந்த வீட்டில் ஒரு பீங்கானில்கூட இல்லை.

கேதீஸ்வரனின் கதை தலைகீழ். படகால் இறங்கியபோது போனில் வந்த மொழிபெயர்ப்பாளர், "உங்க குடும்பப் பேர் என்ன?" என்று கேட்டார். வீட்டுக்கெல்லாம் பேர் வைக்கிறதில்லை, கைதடிக் கேதீஸ் எண்டால் எல்லாருக்கும் தெரியும் என்றான். அன்றிலிருந்து எல்லாக் காகிதத்திலும் அவன் கேதீஸ்வரன் கைதடி. நோபல் பார்க் டாக்டரிடம் போனால் "மிஸ்டர் கைத்தாடி" என்று கூப்பிடுவார்கள். அவனும் கையில் தாடி முளைத்தவன்போல் எழும்பிப் போவான். பன்னிரண்டு வருடம் அது சிரிப்பாகத்தான் இருந்தது. இப்போது நிரந்தர விசா கிடைத்து, மனைவி நிரஞ்சினியையும் மகளையும் கூப்பிட எழுதிப்போட்டால், பதில் வருகிறது: கலியாண அத்தாட்சியில் மாப்பிள்ளை சின்னத்துரை கேதீஸ்வரன்; நீர் கைதடி; இரண்டும் ஒராள்தான் என்று இரண்டு பெயரிலும் உம்மைத் தெரிந்த ஒருவர் சத்தியக் கடதாசி தரவேண்டும். அவன் படகேறும்போது மகளுக்கு ஒரு வயது. தவணை முடிய நாலு நாள் இருந்தது.

அப்படித் தெரிந்த ஆள் மெல்பேர்னில் விக்னராஜாதான். ஒரே ஒழுங்கை. லீவில் மனைவியோடு வந்து அவன் கலியாணப் பந்தியில் இருந்து, பாயாசம் இரண்டுதரம் கேட்டு வாங்கிக் குடித்தவர்.

கேடயம் ஏறியதும் விக்னராஜா குரலைத் தாழ்த்தினார். "சைன் வைக்கிறன். ஆனா கிரஹாம் பூட்டனைப் பற்றிக் கேட்டால், ஓம், ஊரில எல்லாருக்கும் தெரியும் எண்டு சொல்லு."

"பொய்யெல்லே அண்ணை."

"ஒரு சொல்லுக்கு ஒரு கையெழுத்து. இதில ஆருக்கு நட்டம்?"

கேதீஸ்வரன் ஏணியை மடக்கினான். பிளாஸ்டர் தூள் நாக்கில் ஒட்டியிருந்தது. துப்ப இடம் இல்லை. எங்கு பார்த்தாலும் கார்ப்பெற்.

கிரஹாம் ஹற்றன் பக்கத்து வீட்டுக் கிழவர், ஓய்வுபெற்ற வங்கிக்காரர், சத்தியக் கடதாசிகளுக்குச் சாட்சி வைக்கிற ஜே.பி. தன் முத்திரையை மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்தார். வாசலில் கேடயத்தைக் கண்டதும் நின்றார். மீசை துடித்தது.

"எ கிளேற்றன்ஸ் கிளேற்றன்!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார்.

விக்னராஜா அவரைவிடப் பெரிதாகச் சிரித்தார். அவருக்கு விளங்கவில்லை. கேதீஸ்வரனுக்கு விளங்கியது. வேலைத்தளத்தில் கிழட்டுத் தச்சர்கள் சொல்லக் கேட்டிருக்கிறான். ஒரு காலத்தில் அந்தப் பெயரில் ஒரு குடிவகை இருந்ததாம். விஸ்கி மாதிரிப் போத்தல், விஸ்கியின் நிறம், உள்ளே விஸ்கி இல்லை. பேருக்கு நிற்கிற எதையும் இங்கே பழைய ஆட்கள் 'கிளேற்றன்ஸ்' என்பார்கள். முப்பது வருடம் இங்கே இருந்தும் அது தெரியாமல், கொழுப்பு மின்னும் உதட்டோடு அந்த மனுசன் பொரித்த பற்றிஸ் தட்டை நீட்டிக்கொண்டு நின்றார்.

"பூட்டன் தோட்டத் துரையாமே?" கிரஹாம் கேதீஸ்வரனைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார். "உங்கள் ஊரில் தெரியுமா?"

விக்னராஜா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேதீஸ்வரன் மகளின் குரலை நினைத்துக்கொண்டான்.

"யேஸ்," என்றான். "எவ்ரிபடி நோ."

பனையால் விழுந்த மனுசனை இரண்டாம்தரம் தள்ளிவிட்ட மாதிரி இருந்தது.

கிரஹாம் கடதாசியை விரித்துக் 'கைதடி' என்ற சொல்லில் விரல் வைத்தார். "இது ஊரா? அப்படியென்றால் இங்கே ஒழுங்கான ஆங்கிலப் பெயர் உன்னுடையதுதான். என் பெயரும் ஊர்தான், இங்கிலாந்தில். ஹற்றனில் இருந்தவரைக்கும் எங்களை யாரும் ஹற்றன் என்று கூப்பிட்டிருக்கமாட்டார்கள். அங்கே எல்லாரும் ஹற்றன்காரர்தானே? ஊரைவிட்டு ஓடியவனுக்குத்தான் ஊர்ப்பெயர் ஒட்டும்." பிறகு பேனையை நீட்டினார். "விக், உங்கள் முந்திய பெயர், பிறந்த ஊர், இவரைத் தெரிந்த விதம். முழுவதும் உங்கள் கையால்."

விக்னராஜா பேனையை வாங்கினார். பெயரில் கிளேற்றன் என்று எழுதினார். முந்திய பெயர் என்ற கோட்டில் பேனை நின்றது. அதில் விக்னராஜா என்று எழுதினால் வெள்ளைக்காரப் பூட்டன் போய்விடுவார். கிரஹாமின் கண் அந்தக் கோட்டிலேயே இருந்தது.

"இவரை எனக்கு மெல்பேர்னிலதான் பழக்கம்," என்றார் ஆங்கிலத்தில். பிறகு தமிழில், கேதீஸ்வரனின் முகத்தைப் பாராமல், "வேற ஆரையும் பிடியடா தம்பி. இது எனக்குச் சட்டச் சிக்கல்."

பந்தியில் பாயாசம் வழிந்த அந்த வாயைக் கேதீஸ்வரன் பார்த்துக்கொண்டே இருந்தான். அழுகின பலாச்சுளையில் கை வைத்தால் கை தானாகப் பின்னுக்கு வரும். அப்படித்தான் உடம்பு முழுக்கப் பின்னுக்கு வந்தது. ஆனால் அதே அழுகல் தன் வாய்க்குள்ளும் கிடந்தது. சொல்லை விற்றாயிற்று, கையெழுத்து வரவில்லை.

குசினிக்குள் தண்ணீர்க்குழாய்ச் சத்தம் நின்றது. விக்னராஜாவின் மனைவி கமலினி கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இஞ்சார், அந்தப் பேனையைத் தாங்கோ."

"நீ சும்மா இரு, கமலி."

"இருபத்தெட்டு வருசம் இருந்து பார்த்தாச்சு." கிரஹாமின் பக்கம் திரும்பினாள். "ஐ வென்ற் டு ஹிஸ் வெடிங். யூ ஹாவ் நியூ ஃபோர்ம்?"

இருந்தது. கதிரையை இழுத்துப் போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைபோல் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். கமலினி விக்னராஜா. அவள் பெயர் ஒருநாளும் மாறவில்லை. பிறந்த ஊர்: கைதடி. சின்னத்துரை கேதீஸ்வரனும் கேதீஸ்வரன் கைதடியும் ஒராள்தான், கணவனும் இவரும் ஒரே ஒழுங்கையில் பிறந்து வளர்ந்தவர்கள் என்று எழுதிக் கீழே கையெழுத்து வைத்தாள். கிரஹாம் ஒருதரம் வாசித்தார். கேடயத்தைப் பார்த்தார். பிறகு கேதீஸ்வரனைப் பார்த்தார்.  முத்திரையை ஊதி, அழுத்தி, கூட்டுக்குள் திருப்பி வைத்தார்.

"போட்டு வாறன் அக்கா," என்றான் கேதீஸ்வரன். அவளுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாசலில் திரும்பியபோது கேடயம் இடப்பக்கம் ஒரு விரல் இறங்கியிருந்தது. சுவரில் இருந்து மெல்லிய வெள்ளைத் தூள் விக்னராஜாவின் தோளில் விழுந்துகொண்டிருந்தது. அவர் அண்ணாந்து பார்க்கவில்லை.

பஸ் தரிப்பில் நின்று கடதாசியைச் சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்து வைத்தான். வாயில் ஊறியதைத் துப்பப் போனான். பக்கத்தில் பள்ளிச் சீருடையோடு ஒரு பிள்ளை, பதின்மூன்று வயதிருக்கும், போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விழுங்கிக்கொண்டான். வளைவால் ஒரு பஸ் திரும்பி வந்தது. நெற்றியில் மஞ்சள் வெளிச்சத்தில் கிளேற்றன் என்று எழுதியிருந்தது. சாரதியைத் தவிர உள்ளே ஒருவரும் இல்லை. அவனுக்கு முன்னால் நின்று, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, காத்துக்கொண்டிருந்தது.