ஆடும் கால்

மூன்று நாள் அடைமழை. ஸ்டூடியோவின் கூரைக் கண்ணாடி வழியே வெளிச்சம் இறங்கவில்லை. ஜைனுதீனிடம் இருந்தது ஒரே ஒரு பெரிய பல்பு. அதை அலுமினியச் சட்டிக்குள் பொருத்தி, ஆஸ்பத்திரி ஏலத்தில் எடுத்த, குளுக்கோஸ் பாட்டில் தொங்கவிடும் கம்பியில் மாட்டியிருந்தான்.

எதிரே ரஹீமா பீவி. பினாங்கில் இருக்கும் கணவனிடம் போக பாஸ்போர்ட் படம் வேண்டும். ஏஜெண்ட் ஆறு மணி பஸ்ஸில் மெட்ராஸ் கிளம்புகிறார். படம் இல்லாவிட்டால் அவள் பயணம் இல்லை.

படம் எடுத்த இரண்டு தடவையும் கண்ணை மூடிவிட்டாள். காமிராவுக்கு இன்னும் ஒரு கண்ணாடி பிளேட்தான் பாக்கி.

"எம்மவன் தூங்குமூஞ்சியக் கட்டியிருக்கான்னு கப்பல்காரன் சிரிக்கப் போறான்" என்றாள் மாமியார் ஹமீதா பானு.

"வெளிச்சம் கூசுதா தங்கச்சி?"

கம்பியைப் பின்னால் நகர்த்தினான். அதன் ஒரு கால் ஆடியது. அடியில் சாக்கை மடித்துச் சொருகினான்.

ரஹீமா எழுந்துவிட்டாள்.

"அங்கயும் சாக்குதாண்ணே வச்சிருந்தாங்க."

"எங்க?"

"ஆஸ்பத்திரியில. எம்புள்ளைக்குத் தண்ணி ஏத்துனப்போ. ரெண்டு நாளா இந்தக் கம்பிக் காலத்தான் அமுக்கிப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்பறம் வெறுங்கையோட வீட்டுக்கு வந்தேன்."

மாமியார் சுவரைப் பார்த்தாள்.

மணி நாலே கால். படம் கழுவிக் காய ஒன்றரை மணி நேரமாவது ஆகும். ஜைனுதீன் பல்பைக் கழற்றினான். கம்பியைத் தூக்கிப்போய்த் தாழ்வாரத்தில் வைத்தான். தன் சைக்கிளைப் பெஞ்சின் மேல் ஏற்றி, ஹேண்டில்பாரில் சட்டியைக் கட்டினான். பெஞ்சு கிறீச்சிட்டது.

"விழுந்துட்டா?" என்றாள் ரஹீமா.

"பல்பு போச்சு. படமும் போச்சு."

ஹமீதா பானு போய்ப் பின்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "எம்மூஞ்சி படத்துல விழுந்துறாமப் பாத்துக்க தம்பி. மலாய்க்காரன் ரெண்டு பேருன்னு நெனச்சுக்குவான்."

"உக்காந்து இங்கிட்டுப் பாருங்க தங்கச்சி. மூச்சு விடாதீங்க."

லென்ஸ் மூடியை எடுத்தான். ஒன்று, இரண்டு. மூடினான். கண் மூடியதா இல்லையா, அவனுக்கே தெரியவில்லை.

இருட்டறை. சிவப்பு விளக்கின் அடியில் பிளேட் மெல்லக் கறுத்தது. தூக்கிப் பிடித்தான். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ்: கறுத்த முகம், வெளுத்த முக்காடு. கண் இருக்கும் இடத்தில் கடுகளவு இரண்டு கரும்புள்ளிகள். கருவிழியில் பட்ட பல்பின் வெளிச்சம். மூடிய இமையில் அது விழாது.

பிளேட்டைப் படம் நிலைக்கும் ஹைப்போ கரைசலில் போட்டுவிட்டு வெளியே வந்தான்.

"கண்ணு இருக்கு மாமி!"

"அவ எங்க?" என்றாள் ஹமீதா பானு, சக்கரத்தை இன்னும் விடாமல்.

தாழ்வாரத்தில் காற்றுக்குக் கம்பி தள்ளாடிக்கொண்டிருந்தது. ரஹீமா குனிந்து அதன் காலுக்கடியில் சாக்கை வைத்துக்கொண்டிருந்தாள்.