சம்பந்தி வீட்டு ஆள்

எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் பன்னும் காபியும் விற்கும் கடையை ஒரு கம்பெனியின் பெயரில் வைக்க இரண்டாவது மருமகள் உரிமம் வாங்கியபோது, ஒப்பந்தத்தை வரி விடாமல் படித்தவன் நான். பெயர் கம்பெனியுடையது, இடமும் உழைப்பும் நம்முடையது. பெயருக்காக முதலில் ஒரு தொகை. பிறகு மாதாமாதம் விற்பனையில் ஒரு பங்கு. மாவு அவர்கள் அனுப்புவார்கள். சுவரின் நிறம், கோப்பையின் அளவு, போட்டுக்கொள்ளும் தொப்பி எல்லாம் அவர்கள் சொன்னபடிதான். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் புதுப்பிக்கலாம், அவர்களுக்கு நம்மைப் பிடித்திருந்தால்.

"இது கடை இல்லம்மா, சம்பந்தம்," என்றேன். "பேரு அவங்க குடுக்கறாங்க, வீடு நாம குடுக்கறோம். மாசா மாசம் சீர் வேற போகுது."

"அது ராயல்டி மாமா."

"பேர் எதுவா இருந்தா என்ன? ரெண்டு பக்கமும் மரியாதை கெடாம நடந்துக்கணும்."

மருமகள் சிரித்துவிட்டுப் போனாள். பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டு, சேமிப்பையெல்லாம் இதில் போட்டவள் அவள். எங்கள் குடும்பத்தில் எவரும் வெளியார் பெயரில் தொழில் செய்ததில்லை. அதனால்தான் நானே தொப்பியை மாட்டிக்கொண்டு கல்லாவில் நின்றேன். நான் நின்றால் குடும்பம் நிற்கிற மாதிரி.

ஓராண்டு ஆகப்போகும் சமயத்தில் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. அவர்களுடைய ஆள் ஒருவர் வாடிக்கையாளர்போல வந்து பார்ப்பார். யார், என்றைக்கு என்று சொல்ல மாட்டார்கள். அவர் குறை சொன்னால் உரிமம் நிறுத்தப்படும்.

அன்றிலிருந்து யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. துடைத்த மேசையையே மருமகள் திரும்பத் துடைத்தாள். கதவு திறந்தால் எனக்குத் திக்கென்றது. அடுப்படியில் இருந்த ரொட்டிக்காரர் மட்டும் கிண்டலை விடவில்லை.

"ஐயா, பூனை வந்தாலும் வணக்கம் சொல்லிடுங்க. கம்பெனிப் பூனையா இருந்துடப் போகுது!"

"உன் வாயை முதல்ல அடுப்புல வை," என்றேன்.

மருமகள் வங்கிக்குப் போயிருந்த ஒரு பகலில் அந்த மனிதர் வந்தார். உள்ளே வந்ததும் விளக்குகளை அண்ணாந்து பார்த்தார். கை கழுவிவிட்டு விரல்களை மோந்து பார்த்தார். காபியைக் குடிக்கும் முன் கோப்பையின் அடியைத் திருப்பிப் பார்த்தார். பசித்து வந்தவன் எவனாவது கோப்பையின் அடியைப் பார்ப்பானா? எனக்குப் புரிந்துவிட்டது.

சாப்பிட்டுவிட்டுப் பணப்பையை எடுத்தார். நான் தடுத்தேன்.

"உள்ள வைங்க தம்பி. உங்ககிட்ட காசு வாங்கினா எங்களை நாலு பேர் மதிப்பாங்களா?"

"இல்ல சார், பில் போடுங்க."

"நல்லா இருக்கே! நீங்க எங்கேருந்து வர்றீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

அவர் முகம் மாறியது. கூச்சம் என்று நினைத்தேன். "சார், தயவு செஞ்சு பில்லு..." என்று இழுத்தார்.

"விட்டுடுங்க சார்," என்று உள்ளிருந்து ரொட்டிக்காரர் குரல் கொடுத்தார். "ஐயா முடிவு பண்ணிட்டா பில் மெஷினே வேலை செய்யாது."

வீட்டுப் பிள்ளைகளுக்கு என்று ஒரு பொட்டலமும் கட்டி, வாசல்வரை வந்து வழியனுப்பினேன். சம்பந்தி வீட்டு ஆளை வெறுங்கையோடு அனுப்புவது எங்கள் வழக்கமில்லை.

மருமகள் திரும்பியதும் பெருமையாகச் சொன்னேன். அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"பில் போடலையா மாமா? பொட்டலத்துக்குமா?"

"காசே வாங்கலையேம்மா!"

அவள் கதவுவரை போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள்.

இரண்டு நாள் கழித்து கம்பெனி மேலாளர் வந்தார். இளவயது, இஸ்திரி கலையாத சட்டை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மருமகளைப் பார்த்தே பேசினார்.

"எங்களுக்கு வர்ற பங்கே பில்லுலதான் இருக்கு மேடம். பில் இல்லாம ஒரு பன் வெளியே போனா எங்க பங்கும் அதோட போகுது. அது சின்ன விஷயம். எங்க ஆளுன்னு தெரிஞ்சே காசு வாங்காம குடுத்து, பார்சலும் கட்டிக் குடுத்திருக்காங்க. அதை எங்க ஆபீஸ்ல லஞ்சம்னுதான் சொல்வாங்க."

லஞ்சம். என் தகப்பனார் காலத்திலிருந்து அந்தச் சொல் இந்த வாசலை மிதித்ததில்லை.

"கல்லாவில இருந்த பணியாளரை நீக்கிட்டோம்னு எழுதிக் குடுங்க," என்றார் மேலாளர். "எச்சரிக்கையோட முடிச்சுடறேன். இல்லைன்னா நாளைக்கே போர்டை இறக்கணும்."

"அவர் பணியாளர் இல்லீங்க. என் மாமனார். இந்த வீடே அவரோடது."

"ஒப்பந்தத்துல அப்படி எதுவும் இல்லையே மேடம்."

மருமகள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ போர்டை இறக்கிக்குங்க. பெரியவரை நீக்கினேன்னு என் கையால எழுத மாட்டேன்."

அடுப்படியில் தட்டுச் சத்தம் நின்றுபோனது. இந்தப் பெண் வாழவந்த வீட்டின் மானத்துக்காகத் தன் சேமிப்பு மொத்தத்தையும் தூக்கிக் கொடுக்க நிற்கிறாள். அதை வாங்கிக்கொண்டு நிமிர்ந்து நடக்கிற முதுகு எனக்கில்லை. தொப்பியைக் கழற்றி மேலாளர் முன்னால் வைத்தேன்.

"நீக்கியாச்சுன்னு எழுதிக்கோங்க தம்பி. ஆனா அந்தச் சொல்லை மட்டும் எழுதாதீங்க. வீட்டுக்கு வந்த ஆளுன்னு நினைச்சேன். அவ்வளவுதான்."

அவர் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "விதிமுறை தெரியாமல்னு போடறேன் சார்," என்றார். மருமகள் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டாள்.

போர்டு அப்படியேதான் இருக்கிறது, வியாபாரமும் குறைவில்லை. எனக்குத்தான் மாடியில் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கீழே நாற்காலி நகர்ந்தால் எழுந்துவிடுகிறேன். மாடிப்படி நேராகக் கல்லாவுக்குப் பின்னால்தான் இறங்குகிறது. அங்கே நீக்கப்பட்டவன் நிற்கக் கூடாது.

"யாரு பார்க்கப் போறா மாமா? இப்படியே இறங்கி வாங்க," என்கிறாள் மருமகள்.

"எழுதிக் குடுத்திருக்கோம்ல?"

பின்கட்டுப் படியில் இறங்கி, பக்கத்துச் சந்தில் சுற்றி, மழையானால் குடை பிடித்துக்கொண்டு, தெரு வாசல் வழியாகத்தான் என் வீட்டுக் கடைக்குள் போகிறேன்.