போலாம், ரைட்

'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. சக்கர நாற்காலி பின்னால் ஓடி அலமாரியில் மோதிய சத்தமா, இல்லை ஐயாவின் தலை கட்டில் சட்டத்தில் பட்ட சத்தமா, எனக்குத் தெரியவில்லை. அவரை இடுப்புப் பட்டையோடு இறுக்கிப் பிடித்து, என் தொடைமேல் சரியவிட்டு, தரையில் உட்கார வைப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. என் முகம் அவர் தோளில் புதைந்திருந்தது. நான் பார்க்கவில்லை.

"நாற்காலிதான் இடிச்சுது. எனக்கு ஒண்ணும் ஆகல," என்றார் ஐயா. "தூக்கி உக்கார வை."

தலையைத் தடவிப் பார்த்தேன். வீக்கமில்லை. ஆனால் பக்கவாதம் வந்ததிலிருந்து ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். அப்படிப்பட்டவர்களுக்கு வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே கசிந்துகொண்டிருக்கும் என்று வீட்டுப் பராமரிப்பு வேலைக்கான பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அன்று அதை அழகாகக் குறிப்பெடுத்துக்கொண்டேன். இப்போது தலையை மறுபடியும் தடவிப் பார்த்தேன்.

தப்பு என்னுடையதுதான். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது மூன்று வரை எண்ணச் சொல்லித் தந்திருந்தார்கள். ஒன்று என்றால் இரண்டு பக்கமும் பிரேக் போட்டிருக்கிறதா, இரண்டு என்றால் கால் ஊன்றியிருக்கிறதா, மூன்று என்றால் எழுவது. ஐயா முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். "நான் என்ன ஒண்ணாங்கிளாஸா?" என்று எண்ண மறுத்துவிட்டார். அதனால் நான் "போலாம்" என்பேன், அவர் "ரைட்" என்பார், எழுந்துவிடுவோம். அன்றிலிருந்து நான் அவருக்குக் கண்டக்டர். எண்ணிக்கை போனபிறகு பிரேக்கைக் கைதான் பழக்கத்தில் பார்த்துவந்தது. இன்று அவர் அடித்த ஏதோ ஒரு கிண்டலுக்குச் சிரித்துக்கொண்டே "போலாம்" என்றேன். கை பிரேக் பக்கம் போகவே இல்லை.

பதினாலு வருஷம் துணிக்கடையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான். இந்த வேலைக்கு வந்தபோது, "அடுத்தவங்களக் குளிப்பாட்டி விடுற வேலையா?" என்று அக்கா முகம் சுளித்தாள். முதல் வாரம் ஐயாவுக்குச் சவரம் செய்துவிட்டேன். கண்ணாடியைப் பார்த்து, "ஆளு பரவால்லையே," என்றார். அன்று பஸ் ஏறத் தோன்றாமல் வீடுவரை நடந்தே போனேன். இனி வேறு வேலைக்குப் போகமாட்டேன் என்று அப்போதே தெரிந்துவிட்டது. வேலை நிரந்தரமாக இன்னும் பத்து நாள் இருந்தது.

என்னை இங்கே வேலைக்கு அனுப்பிய ஆபீசுக்குச் சொல்லப் போனை எடுத்தேன்.

"யாருக்குப் பண்ற?"

"ஆபீஸ் நர்ஸம்மாவுக்குத்தான்யா."

"வேணாம்மா. இன்னொரு தடவ விழுந்தா முதியோர் இல்லத்துல சேத்துடுவேன்னு எம் பொண்ணு சொல்லிருக்கா. உனக்கும் வேல போயிடும்." குரல் உடைந்தது. "நமக்குள்ளயே இருக்கட்டும்."

அரை நிமிஷம் போனும் கையுமாக நின்றேன். பொய் சொல்வானேன், அந்த அரை நிமிஷமும் என் வேலையைத்தான் நினைத்தேன். பிறகு அழைத்தேன். பிரேக் போடாததையும் சொன்னேன்.

நர்ஸம்மா திட்டவில்லை. அதுவே இன்னும் பயமாக இருந்தது. "தூக்காத. ஆம்புலன்ஸ் அனுப்புறேன். அதுவரைக்கும் ஏதாவது கேட்டுக்கிட்டே இரு, பேச்சு குழறுதான்னு பாரு. பொண்ணுகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் நிறுத்தி, அவர் முதுகுக்குத் தலையணை வைத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தேன். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஐயா, இன்னைக்கு என்ன கிழம?"

ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ஓட்டுன பஸ் நம்பர் என்னய்யா?"

தினமும் பத்துத் தடவை சொல்லிச் சலிக்காத நம்பர் அது. அதற்கும் வாய் திறக்கவில்லை. கோபமா, இல்லை தலைக்குள் ஏதாவது ஆகிவிட்டதா? கோபமாகவே இருக்கட்டும், ஆயுசுக்கும் என்னோடு பேசாத கோபமாக இருந்தாலும் பரவாயில்லை என்று வேண்டிக்கொண்டேன்.

கீழே வண்டி வந்து நின்றது. படியில் காலடிகள் கேட்டன. ஐயா என்னைப் பார்க்காமலே நல்ல கையை நீட்டி, பக்கத்தில் நின்ற நாற்காலியின் பிரேக்கைத் தேடிப் பிடித்தார். அழுத்தினார். விரல் நழுவியது. வருகிறவர்கள் கண்ணில் அது போட்டதாகவே பட வேண்டும் என்பதுபோல் மறுபடியும் அழுத்தினார்.