குறட்டைக்குப் பிரெஞ்சில் என்ன

நான் குறட்டை விடுவேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது, கலியாணத்துக்கு முன்னாலும் கிடையாது. வெட்கமெல்லாம் என் ஆத்தாவுக்குத்தான். எங்கள் வீட்டை ஒட்டிக் கட்டியிருந்த மாடுகள்கூட அதற்குப் பழகிவிட்டன, ஆத்தா பழகவில்லை. அது அப்பா வழிச் சொத்து. அப்பா போய்ச் சேர்ந்ததும் நிலத்தைப் பெரியப்பா எடுத்துக்கொண்டார், குறட்டை எனக்கு வந்தது.

முதலில் பார்த்த வரன் பொன்னமராவதிப் பக்கம். மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி வந்து ஒரு ராத்திரி எங்களோடு தங்கினாள். விடிந்ததும் காப்பிகூடக் குடிக்காமல் முதல் பஸ்ஸைப் பிடித்தாள். சம்பந்தம் வேண்டாம் என்று அந்த வாரமே சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆத்தா என்னை ஏறெடுத்துப் பார்க்கவே மாதக்கணக்காயிற்று.

அடுத்து வந்தவர்தான் மரியசெல்வம். சொந்த ஊர் காரைக்கால். அது அப்போது இன்னும் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது, அங்கே ஓர் ஆபீசில் இவர் குமாஸ்தா. ஆவூருக்குப் பெண் பார்க்க வந்தவர் காப்பியை வாங்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சொன்னபடி கேட்கிறார்களா என்று என்னிடமே கேட்டார். டீச்சர் வேலையைப் பற்றி டீச்சரிடமே கேட்ட முதல் மாப்பிள்ளை அவர்தான். அப்போதே எனக்குப் பிடித்துப்போனது. அதுதான் வினை. பிடிக்காதவராக இருந்திருந்தால், தாலி கட்டியபிறகு கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டிருப்பேன்.

“தாலி ஏறுற வரைக்கும் அந்தப் பேச்சு ஒன் வாயில வரக் கூடாது. வந்துச்சு, நான் கெணத்துல விழுந்துருவேன்” என்றாள் ஆத்தா. எங்கள் கிணற்றில் அப்போது முழங்கால் தண்ணீர்தான். ஆனாலும் சொன்னால் செய்யக்கூடியவள்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் எங்கள் கலியாண ஓலையை வாசித்தார். இன்ன ஊர் மரியசெல்வத்துக்கும் இந்த ஊர் வியாகுலமேரிக்கும் விவாகம், தடை ஏதும் தெரிந்தவர்கள் மறைக்காமல் அறிவிக்க வேண்டும், மறைத்தால் பாவம். எல்லாக் கலியாணத்துக்கும் வாசிப்பதுதான். ஆனால் சாமியார் என் முகத்தைப் பார்த்தே வாசித்தது போல எனக்கு வியர்த்துக்கொட்டியது. நான் நெளிவதைப் பார்த்த ஆத்தா, தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அவரிடம் சொல்லத்தான் போகிறேன். வேண்டாம் என்றால் இப்போதே போகட்டும்.

ஆனால் எங்கே சொல்வது? எங்களில் கலியாணத்துக்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் ஓரிடத்தில் உட்கார்வது, சாமியாரிடம் மந்திரம் ஒப்பிக்கப் போகும்போதுதான். செபமெல்லாம் மனப்பாடமாகத் தெரிகிறதா என்று சாமியார் கேட்டுப் பார்ப்பார். அங்கேயும் இரண்டு வீட்டு ஆத்தாமாரும் காவலுக்கு உட்கார்ந்திருப்பார்கள். அவருக்குப் புரிந்து அவர்களுக்குப் புரியாத பாஷை ஒன்று வேண்டும். பிரெஞ்சு இருக்கவே இருக்கிறது.

எங்கள் ஊர் மருந்துச்சாலையில் சிஸ்டர் ஒதில் என்று ஒரு பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீ இருந்தாள். என் வயதுதான் இருக்கும். தமிழில் அவளுக்கு வலி, வயிறு, எத்தனை நாள் என்ற அளவுக்குத்தான் தெரியும். குறட்டைக்குப் பிரெஞ்சில் என்ன என்று கேட்டேன், விழித்தாள். சரி என்று மூக்கால் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினேன். உடனே குழாயை எடுத்து என் நெஞ்சில் வைத்து, “எத்தனை நாள்?” என்றாள். பிறந்ததிலிருந்து என்றேன். பயந்துபோய் ஒரு கசப்பு மருந்தை என் வாயில் ஊற்றி அனுப்பிவிட்டாள்.

மறுநாளும் போனேன். இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. பெஞ்சில் படுத்து, கன்னத்துக்குக் கீழே கையைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, முழுதாக விட்டுக் காட்டினேன். காலில் கட்டுப் போட வந்திருந்த ராக்கன் என்கிற பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிஸ்டர் சிரித்த சிரிப்பில் பஞ்சு டப்பா உருண்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ரோன்ஃப்லே” என்றாள்.

அவளும் மேஜைமேல் தலையைச் சாய்த்து விட்டுக் காட்டினாள். என்னுடையதற்குக் கால்தூசி பெறாது. நான் குறட்டை விடுகிறேன் என்பதற்கு ‘ஜ ரோன்ஃப்ல்’. அதிலுள்ள ‘ர’வைத் தொண்டைக்குள்ளிருந்து எடுக்க வேண்டுமாம். அந்த வார்த்தையைச் சொன்னாலே பாதிக் குறட்டை விட்ட மாதிரிதான். பலமாக என்பதற்கு ‘த்ரே ஃபோர்’ என்றாள். அம்மா, அண்ணன், தம்பி என்று வீட்டிலுள்ளவர்கள் எல்லாரையும் குறட்டை விடவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். கட்டுப் போட்டு முடிந்தும் ராக்கன் போகாமல் எங்களோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

மந்திரம் ஒப்பிக்கும் நாள் வந்தது. சாமியார் அறையில் ஒரு பக்கம் என் ஆத்தா, மறு பக்கம் அவருடைய ஆத்தா சந்தனமேரி, நடுவில் நாங்கள். எனக்கு முதலில் கேட்டார். பரலோக மந்திரம், பிரியதத்த மந்திரம், விசுவாச மந்திரம் எல்லாம் தங்குதடையில்லாமல் சொன்னேன். கூப்பிய கையை இறக்கவில்லை. இறக்கினால் தைரியம் போய்விடும். அந்த மூச்சிலேயே, “முஸ்யே, ஜ ரோன்ஃப்ல். த்ரே ஃபோர்” என்று சொல்லி முடித்தேன்.

“ஆமென்” என்றார்கள் இரண்டு ஆத்தாமாரும் ஒரே குரலில். என்னுடையவள் நெஞ்சில் சிலுவைகூடப் போட்டுக்கொண்டாள். காலங்காலமாகப் பூசையில் புரியாத லத்தீனுக்கு ஆமென் சொல்லிப் பழகிய வாய். சாமியாருக்கும் லத்தீன்தான் தெரியும், பிரெஞ்சு தெரியாது. அதைக் காட்டிக்கொள்ளாமல், நல்லது நல்லது என்று தலையாட்டினார்.

மாப்பிள்ளை குனிந்தவர் நிமிரவில்லை. காது சிவந்திருந்தது. கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. போச்சு, மனுஷன் அழுகிறார் என்று நினைத்தேன். எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உண்மையைச் சொன்னதற்கு நான் வருந்தவில்லை, அந்த மனுஷனை விட மனசில்லை, அவ்வளவுதான்.

அடுத்து அவர் முறை. விசுவாச மந்திரத்தில் போஞ்சு பிலாத்து வரைக்கும் போய் அங்கேயே நின்றுவிட்டார். சாமியார் எடுத்துக்கொடுத்தும் தொடரவில்லை. கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “சாமி, பொண்ணு சொன்னதுக்கு நான் ஒரு பதில் சொல்லணுங்க” என்றார்.

பதில் செபமா, தாராளமாகச் சொல்லுங்கள் என்றார் சாமியார்.

அவர் கைகூப்பிக்கொண்டு, மாதா பிரார்த்தனை பாடுகிற அதே ராகத்தில் இழுத்து ஆரம்பித்தார். தன் ஆத்தா பக்கம் தலையைத் தாழ்த்தி, “ம மேர் ரோன்ஃப்ல்” என்றார். அவருடைய ஆத்தாவும் குறட்டை விடுவாராம்!

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்றார்கள் ஆத்தாமார். அந்த ராகத்தைக் கேட்டால் அந்தப் பதில் தானாக வந்துவிடும். என் குறட்டையைப் பழித்த என் ஆத்தாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னாள்.

“மோன் ஃப்ரேர் ரோன்ஃப்ல்.” அண்ணனுமா!

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.” இப்போது சாமியாரும் சேர்ந்துகொண்டார்.

கடைசியாக மரியசெல்வம் தன் நெஞ்சில் கையை வைத்து, முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்து, “முவா ஒஸி, ஜ ரோன்ஃப்ல். த்ரே ஃபோர்” என்றார். தானும்தானாம், அதுவும் பலமாக.

ஜன்னலுக்கு வெளியே ஏதோ தட்டு விழுந்து உருளும் சத்தம். சிஸ்டர் ஒதில் வாயைப் பொத்திக்கொண்டு மருந்துச்சாலைப் பக்கம் ஓடினாள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு, அந்த அறையிலேயே பலமாக, “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்றேன். அப்படி மனசாரச் செபம் சொன்னது என் ஆயுளில் அந்த ஒரு தடவைதான்.

திரும்பும்போது ஆத்தாமார் முன்னால் நடந்தார்கள், நாங்கள் பின்னால். அவருடைய ஆத்தா நின்று திரும்பி, அது என்ன செபம், காதுக்கு இதமாக இருந்ததே என்று என்னிடம் கேட்டார். பொய் எனக்கு வராது.

“கலியாணம் ஆனவங்க ராத்திரி படுத்ததும் சொல்றதுங்க அத்தை. சேந்து சொன்னா நல்லதுங்க.”

“எனக்கும் சொல்லிக்குடு தாயி. இந்த வயசுல வருமோ என்னமோ.”

“ஒங்களுக்கு வராததாம்மா” என்றார் மரியசெல்வம்.