கட்டில் முறிந்ததற்கு இதயம் போட்டவர்கள்

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. அக்கா சாப்பிடும்போது சொன்னாள், நான் சிரித்தேன், கரண்டியால் அடி வாங்கினேன். அடி வாங்கியவனுக்கு எழுதும் உரிமை உண்டு என்பது என் கட்சி.

முதல் தொடக்கம்: "நிறுவனம் என்பது ஒரு கடல். வாடிக்கையாளர் அதில்..." வேண்டாம், மூழ்கிவிடுவார்.

இரண்டாம் தொடக்கம்: அக்கா ஒரு கட்டில் கம்பெனியின் சமூக ஊடகப் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறாள். (இதில் அழகில்லை. இருக்கட்டும்.)

2

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம். பக்கத்தின் உச்சியில் எது வந்தாலும் ஊழியர் அத்தனை பேரும் உடனே இதயம் போட்டு, "அருமை" என்று எழுத வேண்டும். படித்துப் பார்க்கும்படி யாரும் சொன்னதில்லை.

ஒருநாள் ஒரு தையல்காரம்மா எழுதினார்: "வாங்கின வாரமே கட்டில் நடுவுல உட்கார்ந்துடுச்சு. கூடவே நானும். இடுப்பு போச்சு. போன் பண்ணா எடுக்க நாதியில்ல."

மேலாளர் அழிக்கச் சொன்னார். அவசரத்தில் அக்கா "நீக்கு" என்பதை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த "மேலே நிறுத்து" என்பதை அழுத்திவிட்டாள். புகார் உச்சிக்கு ஏறிவிட்டது.

இதயங்கள் பறந்தன. "அருமை" என்றது கணக்குப் பிரிவு. "இதுதான் நம் தரம்" என்றது கிடங்கு. முதலாளி கைதட்டினார்.

[அடிக்குறிப்பு: கைதட்டல் என் சரக்கு. அவரும் இதயம்தான் போட்டார் என்கிறாள் அக்கா.]

3

பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் சரிசெய்யாவிட்டால் நாளை வர வேண்டாம் என்றார் மேலாளர்.

இங்கே அவரை வில்லனாக்கிப் பார்த்தேன். மீசைகூட வைத்தேன், ஒட்டவில்லை. பாவம், அவருக்கும் உதறல்தான். மூன்று பேர் ஒப்புதலோடு ஒரு அறிக்கையை நீட்டினார்: "ஏற்பட்டதாகக் கருதப்படும் அசௌகரியத்துக்கு..."

"சார், அந்தம்மா கருதல. விழுந்தாங்க."

அறிக்கையை மடித்து வைத்துவிட்டு, யாரையும் கேட்காமல் அக்காவே எழுதினாள்: "கட்டில் முறிந்தது எங்கள் தவறு. படிக்காமல் இதயம் போட்டதும் எங்கள் தவறு. தச்சரோடு இதோ கிளம்பிவிட்டேன்."

தச்சர் உடைந்த சட்டத்தை மாற்றினார். தையல்காரம்மா கட்டில் பக்கமே வரவில்லை.

"முதல்ல நீங்க ரெண்டு பேரும் நடுவுல உக்காருங்க. நான் நின்னு பாக்கறேன்."

உட்கார்ந்தார்கள். அந்தம்மா படமெடுத்து, ஒரே சொல் சேர்த்துப் போட்டார்: "தாங்குது."

சிரித்தவர்களே அதை ஊரெல்லாம் பரப்பினார்கள். கடை வாசலில் கூட்டம். கேட்பவர்களுக்கெல்லாம் அந்தத் 'தாங்குது' கட்டில்தான் வேண்டுமாம்.

4

முடிவு அ: மேலாளர் மேடையேறி, "நிறுவனங்களுக்குச் சில பாடங்கள்" என்ற தலைப்பில், நடந்ததெல்லாம் தன் திட்டமே என்று விளக்குகிறார். (நடந்தது. ஆனால் நம்பும்படியாக இல்லை.)

முடிவு ஆ: இனி பதில் எழுத ஒப்புதலும் வேண்டாம், கட்டாய இதயமும் வேண்டாம். இரண்டையும் அக்கா எழுதி வாங்கினாள். (இதுவும் நடந்தது. வீட்டில் அவள் நடையே மாறிவிட்டது.)

எதை வைக்கலாம் என்று அவளிடமே கேட்டேன். படித்தாள்.

"உன் கதையும் நடுவுல உட்கார்ந்துடுச்சுடா."

ஆகவே முடிவு உங்கள் கையில். தயவுசெய்து "அருமை" என்று மட்டும் போடாதீர்கள். எந்த இடத்தில் முறிந்தது என்று சொல்லுங்கள். அழிக்க மாட்டேன். தலைப்புக்கும் மேலே நிறுத்தி வைக்கிறேன்.