பூரானுக்குக் கைதட்டியவர்

மருந்துக்கடைக்காரரின் வலது முழங்கையைப் பார்த்த மாத்திரத்தில் லிஃப்ட் மெக்கானிக்குக்கு வாயில் போட்ட பிஸ்கட் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. மகளைக் கொடுக்கலாமா என்று பார்க்க வந்த வீட்டில், நல்ல சோபாவில், மனைவிக்கும் மகளுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு அவர் இருமிய இருமலில் மேஜைமேல் தட்டு அதிர்ந்தது.

நடந்தது இவ்வளவுதான். மருந்துக்கடைக்காரர், அதாவது மாப்பிள்ளையாக வரப்போகும் பையனின் அப்பா, டீயை ஊற்றும்போது சட்டைக் கையில் கொஞ்சம் சிந்திவிட்டது. "பரவாயில்லை, பரவாயில்லை" என்று மெல்லிய குரலில் தனக்கே சொல்லிக்கொண்டு முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டார். மடிப்பு முழங்கைக்கு மேலே ஏறியது. அங்கே எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு புடைப்பு. அதன் குறுக்கே கோணல்மாணலாக ஒரு தையல் தழும்பு.

அந்தப் புடைப்பு லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தெரிந்த புடைப்பு. தெரிந்தது என்ன, அது பிறந்த நாளிலேயே பக்கத்தில் இருந்தவர் அவர். போன வருஷம் மல்யுத்தக் கூடத்தில், பூரான் என்ற முகமூடி வில்லன் மேடை மூலையிலிருந்த இரும்புக் கம்பத்தில் மோதி முழங்கையை உடைத்துக்கொண்டபோது, முதல் வரிசையில் நின்று "இன்னொரு கையும் ஒடியட்டும்டா!" என்று ஆனந்தக் கூத்தாடியவர் சாட்சாத் இவர்தான்.

இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வாரம் முழுக்க உயரமான கட்டடங்களின் லிஃப்ட் குழிக்குள் கிரீஸும் கையுமாகக் கிடப்பார். மதியம் மொட்டைமாடி மோட்டார் அறையில் ஒதுங்கினால், கருவிப் பையிலிருந்து சாப்பாட்டுக்கு முன்னால் காமிக்ஸ்தான் வெளியே வரும். ஞாயிற்றுக்கிழமை சினிமா. எந்தப் படத்தையும் இரண்டு தடவை பார்ப்பார். ஒரு தடவை கதைக்காக, இன்னொரு தடவை வில்லனுக்காக. "ஹீரோவா எவன் வேணா வந்து நின்னுடுவான். நல்ல வில்லன் கிடைக்கிறதுதான் குதிரைக்கொம்பு" என்பது அவருடைய தீர்ப்பு. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் வானமே இடிந்து விழுந்தாலும் மல்யுத்தம். பஸ் பணிமனைக்குப் பின்னால் இருக்கும் பழைய தகரக் கூடத்தில் அவருக்குப் பெயர் சவுண்டு. குழிக்குள்ளிருந்து மேல்மாடி வரைக்கும் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. அவர் வாயைத் திறந்தால்தான் கூடமே வாயைத் திறக்கும். பூரானைத் திட்டுவது அவர் வேலை. சம்பளம் இல்லை, ஆனாலும் வேலைதான். புதுப்புது வசவுகளைக் குழிக்குள்ளேயே யோசித்து, எதிரொலி எப்படி வருகிறது என்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துப் போவார்.

போன சனிக்கிழமை அப்படி எடுத்துப் போன வசவு, "உன் வீட்டுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்!" அன்றைக்குக் கூடம் கூரை பறக்காத குறையாகச் சிரித்தது.

இப்போது கொடுக்க வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"தண்ணி குடிங்க சார், தண்ணி குடிங்க" என்று டம்ளரை நீட்டினான் பூரான். இல்லை, நீட்டினார் மருந்துக்கடைக்காரர். லிஃப்ட் மெக்கானிக் டம்ளரை வாங்கினார். ஒரே மடக்கில் குடித்து முடித்தார்.

கிளம்பும்போதே மகள் சொல்லியிருந்தாள்: "அப்பா, தயவுசெஞ்சு அங்க வந்து சினிமா, சண்டைன்னு ஆரம்பிச்சிடாதீங்க. அவங்க அப்பா ரொம்ப சாது. எனக்கு இவன்தான் வேணும்பா." எதையும் வாய்விட்டுக் கேட்காத பெண். அவள் கேட்ட ஒன்றே ஒன்று இதுதான். அதை அவளுடைய அப்பன் போன சனிக்கிழமையே முதல் வரிசையில் நின்று கெடுத்துத் தொலைத்துவிட்டானே!

"சனிக்கிழமையெல்லாம் எப்படிப் பொழுது போகுது சார்?" என்று மெதுவாகக் கேட்டார் மருந்துக்கடைக்காரர்.

லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சும்மா... வீட்லதாங்க இருப்பேன். சீக்கிரமே படுத்துடுவேன்."

மனைவி திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மருந்துக்கடைக்காரரின் முகத்தில் இருந்த சிரிப்பு லேசாகச் சுருங்கியது.

"அப்பா சனிக்கிழமையானா கடைல ஸ்டாக் சரிபாக்கப் போயிடுவார் அங்கிள்" என்றான் பையன். "வந்ததும் உடம்பெல்லாம் வலின்னு படுத்துக்குவார்."

"ஸ்டாக் பாக்கறதுல அவ்வளவு வலியா?" என்று மனைவி பரிதாபப்பட்டாள்.

"மேல் தட்டெல்லாம் ஏறி இறங்கணும் இல்லீங்களா" என்றார் மருந்துக்கடைக்காரர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

ஆக, வீட்டில் யாருக்கும் தெரியாது. வீடு திரும்பும் வழியெல்லாம் லிஃப்ட் மெக்கானிக் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. முகமூடிக்காரன் யாரென்று தெரிந்தாலும் அதை வெளியில் சொல்பவன் ரசிகனே இல்லை. கூடத்தில் எழுதப்படாத சட்டம் அது. சொன்னால் வாய் அழுகிவிடும் என்று நம்புகிற ஜாதி இவர்.

சரி, என்னதான் செய்வது? சனிக்கிழமை போகாமல் இருந்தால் தனக்குத் தெரிந்துவிட்டது என்று மருந்துக்கடைக்காரர் கண்டுபிடித்துவிடுவார். போய்த் திட்டினால் கல்யாணம் கந்தல். குழிக்குள் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டதில் ஒரு யோசனை வந்தது. போவது, மரியாதையாக நடந்துகொள்வது. இதைவிட மடத்தனமான யோசனை உலகத்தில் எந்தக் குழிக்குள்ளும் பிறந்திருக்காது.

சனிக்கிழமை பூரான் மேடைக்கு வந்தான். கறுப்பு முகமூடி, விலாவில் இரண்டு பக்கமும் வரிசையாகத் தொங்கும் சிவப்புக் கால்கள். வழக்கம்போல நேரே முதல் வரிசைக்கு எதிரே நின்று, இடுப்பில் கை வைத்து, "எங்கே, ஆரம்பி பார்க்கலாம்" என்பதுபோல் தலையை ஆட்டினான். கூடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு சவுண்டைப் பார்த்தது.

சவுண்டு எழுந்து நின்று கைதட்டினார்.

கூடத்துக்கு ஒன்றும் புரியவில்லை. சண்டை தொடங்கியது. பூரான், எதிர்த்து நின்ற ஹீரோ பொன்வேங்கையின் கண்ணில் மிளகாய்ப்பொடி தூவினான்; சவுண்டு தலையை ஆட்டி ரசித்தார். நடுவர் பார்க்காத நேரத்தில் நாற்காலியால் அடித்தான், "அருமைங்க!" என்றார். கயிற்றின் மேல் ஏறியபோது வாய்தவறி, "பாத்துங்க, அடிபட்டுடப் போகுது!" என்று கூவிவிட்டார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கூடம் முழுக்கப் பரவியது. ஒருவர்கூட ஊளையிடவில்லை. பூரான் இன்னும் இரண்டு அயோக்கியத்தனம் செய்து பார்த்தான். "பாவம், வயசாயிடுச்சு போல" என்றது ஒரு குரல். கடைசியில் அடி வாங்கி விழுந்தவன், சீக்கிரமாகவே எழுந்து, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே போனான். தொங்கிய சிவப்புக் கால்களில் ஒன்று அறுந்து தரையில் கிடந்தது.

'நல்லபடியா முடிஞ்சுது' என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார் நம்மாள்.

திங்கட்கிழமை மகள் வேலையிலிருந்து வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. "அவங்க அப்பா கொஞ்சம் யோசிக்கணும்னு சொல்லிட்டாராம். ஏன்னு கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாராம்."

"நீங்க என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்றாள் மனைவி. இந்த மாதிரி விஷயங்களில் அவளுக்குச் சாட்சி, விசாரணை எதுவும் தேவைப்படாது.

மறுநாள் வேலைக்குப் போகாமல் மருந்துக்கடைக்குப் போய் நின்றார். "சாப்பாட்டுக்கு அப்புறம்தான் போடணும், வெறும் வயித்துல கூடாது" என்று ஒரு அம்மாளுக்குப் பொறுமையாகச் சொல்லி அனுப்பிவிட்டு, மருந்துக்கடைக்காரர் அவரை அலமாரிக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

"சார், என்னை மன்னிச்சிடுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார் லிஃப்ட் மெக்கானிக். "இத்தனை நாளா வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். சத்தியமா நீங்கன்னு தெரியாது. அந்தக் கோவத்தைப் பிள்ளைங்க மேல காட்டாதீங்க."

மருந்துக்கடைக்காரர் திகைத்துப் போனார். "திட்டினதுக்கா நான் கோவப்பட்டேன்னு நினைச்சீங்க?"

"பின்னே?"

"கைதட்டினீங்களே சார்!" அந்த மெல்லிய குரல் உடைந்தது. "அத்தனை பேர் முன்னாடி! 'பாத்துங்க, அடிபட்டுடப் போகுது'ன்னீங்க. யாரைப் பாத்து? பூரானைப் பாத்து! என் மானமே போச்சு சார்."

லிஃப்ட் மெக்கானிக் பக்கத்திலிருந்த மருந்துப் பெட்டிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நாள் பூரா இங்க நின்னு எல்லார்க்கும் நல்லவனா இருக்கேன். மாத்திரையை வாங்கிட்டுப் போயிடறாங்க, என் மூஞ்சியை ஒருத்தரும் பாக்கறதில்லை. சனிக்கிழமை நீங்க திட்டறீங்க பாருங்க, அப்பத்தான் நானும் ஒரு ஆளுன்னு தோணும். உங்க பொண்ணு போட்டோவுல பக்கத்துல உங்களைப் பாத்ததும் பையன்கிட்ட உடனே சரின்னேன். இந்த மனுஷன் சம்பந்தியா வந்தா எவ்வளவு நல்லா இருக்கும்னுதான்." அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். "இப்ப என்னடான்னா, உறவு வரப்போகுதுன்னதும் பயந்து கும்பிடு போடறீங்க. நாளைக்கு நானே பிள்ளைங்களை ஏதாவது கொடுமை பண்ணா, எதிர்த்து ஒரு வார்த்தை கேப்பீங்களா? கைதட்டிட்டு உக்காந்திருப்பீங்க. அப்படிப்பட்டவர்கூட எப்படி சார் சம்பந்தம் பண்றது?"

அடுத்த சனிக்கிழமை காமிக்ஸைக் கையால் தொடாமல், அந்த வாரம் முழுக்கக் குழிக்குள் யோசித்த வசவுகளோடு கிளம்பினார். வாசலில் மகளும் அந்தப் பையனும் நின்றிருந்தார்கள். "எங்களையும் கூட்டிட்டுப் போங்கப்பா. சனிக்கிழமை வீட்ல இருக்கேன்னு இவன் அப்பாகிட்டப் பொய் சொன்னீங்களே. அப்படி அங்க என்னதான் நடக்குதுன்னு நாங்களும் பாக்கறோம்" என்றாள் மகள். இருவரையும் கூட்டிக்கொண்டு நடந்தார்.

முதல் வரிசையில் மூவரும் உட்கார்ந்தார்கள். பூரான் வந்தான், எதிரே நின்றான், இடுப்பில் கை வைத்தான். அப்புறம்தான் பக்கத்து நாற்காலியைப் பார்த்தான். முகமூடிக்குள் இரண்டு கண்களும் பிதுங்கி நின்றன. பெற்ற பிள்ளை, சோளப்பொரிப் பொட்டலத்தோடு, தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

சவுண்டு எழுந்தார். வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. பூரானைப் பார்த்தால் டீ சிந்திய சட்டைதான் தெரிகிறது. "சாப்பாட்டுக்கு அப்புறம்தான் போடணும்" என்கிற குரல்தான் கேட்கிறது. இந்த மனிதரை எங்கேயிருந்து வெறுப்பது? யோசித்து வைத்த வசவெல்லாம் தொண்டைக்குள்ளேயே கரைந்து போயிற்று. கூடம் பிணவறை மாதிரி அமைதியாக இருந்தது. தன் மகளுடைய வாழ்க்கை கண்ணெதிரே கைநழுவிப் போவதைப் பார்த்துக்கொண்டு மரமாக நின்றார்.

பூரான் ஒரு கணம் தயங்கினான். பிறகு கயிற்றைத் தாண்டிக் கீழே குதித்தான். தடுப்புக்கு இந்தப் பக்கம் கையை நீட்டி, பையனின் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்து நாற்காலியிலிருந்து தூக்கினான்.

"யார்ரா இந்தப் பல்லி?" என்று உலுக்கினான். பொரி நாலாபக்கமும் சிதறியது. மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது. பையனின் முகம் வெளிறிப் போயிற்று. மகள் வீறிட்டாள்.

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கண் இருண்டு வந்தது. முழங்கையும் மறந்தது, மருந்துக்கடையும் மறந்தது. கண்ணாடி இல்லாமல் விழித்துக்கொண்டிருந்த அந்த ஒல்லிப் பையனின் முகம் மட்டும்தான் தெரிந்தது.

"டேய்!" தகரக் கூரை அதிர்ந்தது. "என் மாப்பிள்ளை மேலயே கை வெக்கிறியாடா நீ? என் வீட்டுப் புள்ளடா அவன்! நீ யாரா வேணா இரு, அவன் மேல ஒரு கீறல் விழுந்துது, உன்னைத் துண்டு துண்டாக் கிழிச்சிடுவேன்!"

தடுப்பின் மேல் ஒரு காலைப் போட்டே விட்டார். காவலுக்கு நின்ற இரண்டு பேர் ஓடிவந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். அடக்கி வைத்ததெல்லாம் ஒன்றாக உடைந்ததுபோல் கூடமே எழுந்து ஊளையிட்டது. பொட்டலங்கள் பறந்தன. பூரான் காலரை விடாமலேயே குனிந்து, நெற்றியால் முட்ட வருபவன்போல் சவுண்டின் முகத்தருகே வந்தான். முகமூடியின் ஓட்டை இரண்டும் நனைந்திருந்தன.

"இது போதும் சம்பந்தி" என்றது அந்த மெல்லிய குரல், அவர் காதுக்கு மட்டும். "தேதி குறிச்சிடலாம்."

காதில் விழுந்தது, கோபம் மட்டும் இறங்கவில்லை.

"தேதியாவது கீதியாவது!" என்று கத்தினார் லிஃப்ட் மெக்கானிக், கண்ணீர் வழிய வழிய. "மொதல்ல பையன் காலரை விடுடா!"